மூடிக்கு அடியில் இருப்பது: இரண்டு நிமிடத் திரில்லர் தொடக்கம் பற்றி ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊடகக் கற்கை வகுப்புக்காக நான்கு பேர் சேர்ந்து ஒரு திரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும். படத்தில் வேலை செய்தவர்களின் பெயர் எழுத்துகளோடு சேர்த்து 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எப்படித் திட்டமிட்டீர்கள் என்று ஒரு குறிப்புப் புத்தகமும் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு போன், ஒரு ட்ரைபொட், மூன்று கிழமை. உங்கள் கதை இது: இரவில் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் கறுப்பு ஹூடி போட்ட ஒருவன் கத்தியோடு ஒரு பெண்ணைத் துரத்துகிறான். நடுவில் ட்ரோனில் கோணேசர் கோவிலும் கடலும். பிறகு இரத்தம். கடைசியில் அவள் திடுக்கிட்டு எழும்புகிறாள், எல்லாம் கனவு. இது சரிவருமா, எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வடிவத்தில் சரிவராது. ஆனால் உங்களிடம் இருக்கிற இரண்டு போனும் ஒரு ட்ரைபொட்டும் நல்ல தொடக்கம் ஒன்றை எடுக்கத் தாராளமாகப் போதும். அதனால் ஏன் சரிவராது என்பதைச் சுருக்கமாகவும், எது சரிவரும் என்பதை விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோவிலுக்குப் போகிறவர்களை உள்ளே விடுகிறார்கள் என்பதற்காக இருட்டிய பிறகு கத்தியோடு ஓடிப் படம் பிடிக்க விடமாட்டார்கள், கேட்கவே வேண்டாம். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். திருமலையில் ஒரு பக்கம் கடற்படைத்தளம், இன்னொரு பக்கம் சீனன்குடாவில் விமானப்படைத்தளம். மூன்று கிழமைக்குள் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். அனுமதி கிடைத்தாலும் கோவில் நிற்கிற சுவாமி மலையை மேலிருந்து காட்டும் பத்து வினாடி சுற்றுலா விளம்பரம் போலத்தான் இருக்கும், பயம் வராது. இருட்டில் ஓடுகிறவரைப் போனில் எடுத்தால் கிடைப்பது கலங்கிய புள்ளிகள். ஹூடியைப் பற்றியும் ஒன்று. நம்முடைய வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு யார் திரிகிறார்கள்? அதைப் பார்த்த உடனே பார்வையாளருக்கு நம்மூர் மறந்து, எங்கேயோ பார்த்த படம் ஞாபகம் வந்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கனவு. திரில்லரின் தொடக்கம் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: பார்க்கிறவர் மனதில் ஒரு கேள்வியை ஊன்றி, பதில் சொல்லாமல் விட்டுவிடுவது. கனவு என்று சொன்ன கணமே கேள்வி செத்துப்போகிறது. அதற்கு முன் நீங்கள் ஓடி வியர்த்தது எல்லாம் வீண். தமிழில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்'. பாட்டே இல்லாத படம். தொடக்கத்திலேயே கதாநாயகன் சுடப்பட்டு இறந்துவிடுகிறான். ஒரு கொலையை முதலிலேயே காட்டியும் அது படத்தை முடித்துவிடவில்லை, ஏனென்றால் சுட்டது யார் என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. ஆகவே இரத்தம் வேண்டுமா வேண்டாமா என்று நான்கு பேரும் சண்டை பிடிக்காதீர்கள். எந்தக் கேள்வியோடு முடிக்கப்போகிறோம் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் கதை இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். நீங்கள் மாற்றாக எழுதியிருந்த இரண்டாவது யோசனை, ஒரு வான் வண்டி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவது. நம்முடைய மாவட்டத்தில் அப்படிக் காணாமல் போன பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படம் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அது அவர்களோடு இருந்து கதைத்து நிதானமாகச் செய்யவேண்டிய வேலை. இரண்டு நிமிடத்தில் ஆளைத் திடுக்கிட வைக்கிற உத்தியாக அதை எடுக்காதீர்கள்.

சரி, அப்படியென்றால் எதை எடுப்பது? ஒரு இடம், ஒரு நடிகை, ஒரு கை. இவ்வளவுக்குள் அடங்கும் ஒன்றைச் சொல்கிறேன். அப்படியே எடுக்க வேண்டும் என்றில்லை, எப்படி யோசிப்பது என்று காட்டத்தான் சொல்கிறேன்.

நகரத்தில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை. பொழுதுபடுகிற நேரம். கடைக்கு முன்னால் றோட்டில் இரண்டு மான்கள் நிற்கின்றன. இது வேறு ஊரில் கிடைக்காத காட்சி. நமக்கோ கோட்டை வாசலிலும் கடற்கரைப் பக்கமும் தினம் பார்க்கிற ஒன்று. உள்ளே ஒரு பெண், கடையில் வேலை செய்கிறவள். கடை பூட்டும் நேரத்தில் ஒருவர் வருகிறார். முகத்தைக் காட்டுவதில்லை, கை மட்டும்தான். எதையோ கவிழ்த்து மெஷினில் வைக்கிறார். வெளிச்சம் ஓடுகிறது. கொப்பியை எடுக்கிறார். எவ்வளவு என்று கேட்காமலே சரியான சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார். வைத்ததை எடுக்கவில்லை. அவள் காசை எண்ணுகிறாள், கணக்கு எழுதுகிறாள், ஃபானை நிறுத்துகிறாள். மெஷினை அணைக்கப் போகும்போது மூடியைத் தூக்குகிறாள். கண்ணாடியில் ஒரு போட்டோ. திருப்பிப் பார்த்தால் அவளேதான். இதே கடை, இதே கவுண்டர், இன்று போட்டிருக்கும் அதே சட்டை. றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தது. முன்னால் இரண்டு மான்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் போட்டோதான். அது உங்கள் படத்தின் முதல் ஷொட். அதே கோணம், அதே அளவு, அதே மான்கள். முதல் பத்து வினாடியில் பார்வையாளர் அதை 'கடை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறார்கள்' என்று நினைத்துக் கடந்துபோயிருப்பார். எல்லாப் படமும் அப்படித்தானே தொடங்குகிறது. ஒன்றரை நிமிடம் கழித்து அது ஒருவனுடைய கண் என்று தெரிகிறது. அவளை யாரோ பார்த்துக்கொண்டிருந்தபோது நாமும் அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். கத்தியோ இரத்தமோ ஓட்டமோ இல்லாமலே வயிற்றைப் பிசைகிற இடம் இது.

திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்கொக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில், மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால், மேலே நடக்கிற சாதாரணப் பேச்சே பதற்றமாகிவிடும் என்று விளக்கினார். உங்கள் குண்டு அந்த மூடி. அதனால் அந்த ஆள் வைத்ததை எடுக்காமல் போனார் என்பதைப் பார்வையாளர் கட்டாயம் கவனிக்க வேண்டும். கை கொப்பியை எடுக்கிறது, சில்லறையை வைக்கிறது, விலகுகிறது. பிறகும் கமரா மூடிய மூடியிலேயே இரண்டு வினாடி நிற்க வேண்டும். அதன் பிறகு அவள் காசு எண்ணுகிற ஒவ்வொரு வினாடியும் பதற்றம் உள்ளதாக மாறும். மூடியைக் காட்டாமல் நேரே போட்டோவுக்குப் போனால் கிடைப்பது ஒரு கணத் திடுக்கிடல் மட்டும்தான். சில்லறையும் சும்மா வைத்ததல்ல. விலை கேட்காதவர் முன்பும் வந்திருக்கிறார். முதல் தடவை பார்க்கிறவர் அதைத் தவறவிடலாம், பரவாயில்லை.

முடிவு எப்படி? அவள் அலறக் கூடாது. போட்டோவைப் பார்க்கிறாள், தலையைத் தூக்கி றோட்டைப் பார்க்கிறாள். கடைக்குள் வெளிச்சம், வெளியே இருட்டு. கண்ணாடிக் கதவில் தன் உருவம்தான் தெரிகிறது. வெளியே நிற்கிறவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு அவர் தெரியமாட்டார். இதை உணர்ந்து, மெதுவாகக் கையை நீட்டி லைட்டை அணைக்கிறாள். 'டக்'. கறுப்பு. படத்தின் பெயர். பயந்த பெண்ணாக இருந்தவள் ஒரே அசைவில் யோசிக்கிற பெண்ணாகிவிட்டாள். இனி என்ன செய்வாள் என்ற ஆவல் அங்கே தொடங்குகிறது.

போட்டோவுக்குப் பதிலாக அவளுடைய அடையாள அட்டை இருந்தால் இன்னும் பலமாக இருக்குமே என்று உங்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம். அடையாள அட்டையைப் போலச் செய்வது சட்டப்படி வில்லங்கம். உண்மையான அட்டையைக் காட்டினால் அந்தப் பிள்ளையின் இலக்கமும் முகவரியும் திரையில் போய்விடும். அதோடு, அட்டையை வாசிக்க நேரம் எடுக்கும், போட்டோ ஒரு வினாடியில் விளங்கிவிடும்.

இப்போது திட்டம். கடைக்காரரிடம் இந்தக் கிழமையே போய்க் கதையுங்கள். உங்கள் ஆசிரியரின் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள், எத்தனை பேர், கரண்ட் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வியாபார நேரத்தில் போய் நிற்காதீர்கள். நடிக்கிற பிள்ளையின் வீட்டிலும் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். இரவு வேலை என்பதால் அம்மாவோ அண்ணாவோ கூட வந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. றோட்டில் ட்ரைபொட் வைக்கும்போது கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். முகாம், காவலரண், கடற்படை வாயில் எதுவும் ஃப்ரேமில் வரக் கூடாது. பொலிஸ் வந்து கேட்டால் கடிதத்தைக் காட்டி மரியாதையாக விளக்குங்கள்.

கடை கிடைத்ததும் படம் பிடிக்கப் போகாதீர்கள், முதலில் போட்டோ எடுக்கப் போங்கள். ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒரு போட்டோ. நடிகை வராவிட்டாலும் உங்களில் ஒருவர் நிற்கலாம். இருபத்தைந்து முப்பது போட்டோ வரும். அதைப் போனிலேயே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வினாடி கொடுத்து, 2 நிமிடமாக ஓடவிடுங்கள். மெஷின் சத்தத்தையும் கதவுச் சத்தத்தையும் தோராயமாகப் போட்டுப் பாருங்கள். படம் வேலை செய்கிறதா இல்லையா என்று அன்றே தெரிந்துவிடும். கையால் கீறுகிற ஸ்டோரிபோர்டும் நல்லதுதான், ஆனால் கீறும்போது கடையின் சுவர் நமக்கு வசதியாகத் தள்ளி நின்றுவிடும். போட்டோ எடுத்தால் சுவர் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். குறிப்புப் புத்தகத்துக்கும் இதைவிட நல்ல சான்று கிடையாது.

நேரக் கணக்கைப் பலர் பிழையாகப் போடுகிறார்கள். 2 நிமிடம் என்றால் 120 வினாடி. பெயர் எழுத்துகள் எட்டுத் தடவை வந்தால், ஒவ்வொரு தடவையும் 3 வினாடி என்று 24 வினாடி எழுத்து திரையில் இருக்கும். எழுத்து ஓடும்போது முக்கியமான எதுவும் நடக்கக் கூடாது, கண் எழுத்தில் இருக்கும். ஆகவே எழுத்துகளை முதல் ஷொட்டிலும், மெஷின் சூடாகிற இடத்திலும், அவள் காசு எண்ணுகிற இடத்திலும் வையுங்கள். மூடிக்கும் போட்டோவுக்கும் கிட்டவே போகக் கூடாது. வழக்கமான ஒழுங்கில் தயாரிப்பு நிறுவனம் முதலில் வரும், பிறகு நடிகர்கள், இசை, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, எழுத்து, கடைசியாக இயக்கம். படத்தின் பெயர் நடிகர்களுக்குப் பிறகும் வரலாம், உங்கள் படத்தைப் போல லைட் அணைந்த பிறகும் வரலாம். எழுத்து வரப்போகும் இடத்தை ஃப்ரேமிலேயே வெறுமையாக விட்டு எடுங்கள். எடுத்து முடித்த பிறகு இடம் தேடினால் கிடைக்காது.

படப்பிடிப்பு இரண்டு மாலை. முதல் மாலை வெளியே உள்ள அந்த ஒரே ஷொட் மட்டும். ஒரு ஷொட்டுக்காக ஒரு மாலையா என்று தோன்றும். காரணம் இருக்கிறது. அதிலிருந்துதான் போட்டோ வரப்போகிறது. 4கேயில் எடுத்தால் ஒரு ஃப்ரேமே ஏறக்குறைய 8 மெகாபிக்சல், ஸ்டூடியோவில் 4க்கு 6 அங்குல அளவில் கழுவ அது தாராளம். ஓடும் வீடியோவில் நல்ல ஃப்ரேம் ஒன்றைப் பிடித்து, அதையே அச்சாக்கி, இரண்டாம் மாலை மெஷினில் வையுங்கள். அப்போது இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தும். அந்தச் சட்டையை இரண்டாம் நாள் வரை தோய்த்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தலைமுடி, வளையல், கவுண்டரில் இருந்த சாமான்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

திருமலையில் மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 5.40க்கும் 6.30க்கும் இடையில் சூரியன் மறையும். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் பொழுது சட்டென்று இருண்டுவிடும். வானம் நீலமாகவும் கடை லைட் மஞ்சளாகவும் ஒன்றாகத் தெரிகிற நேரம் இருபது நிமிடம் கூட இருக்காது. அரை மணித்தியாலம் முன்பே ட்ரைபொட்டை ஊன்றி, ஃபோகஸைப் பார்த்து, காத்திருங்கள். நீல வெளிச்சம் வந்ததும் நிறுத்தாமல் எடுங்கள். சரியாக அதே நேரத்தில் மஃரிப் பாங்கு கேட்கும், கோவில் மணியும் கேட்கலாம். பாங்கு நடுவில் வருகிற ஷொட்டை வெட்டி ஒட்டினால் ஒலி தாவும். அதனால் அந்த ஷொட்டின் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், றோட்டு ஒலியை இன்னொரு நேரம் தனியாக எடுக்கலாம்.

மான் வருமா? உங்கள் சொல் கேட்டு வராது. இரண்டு மூன்று நாள் முன்பே அந்த றோட்டில் எப்போது வருகின்றன என்று பாருங்கள். பிஸ்கட் போட்டு இழுக்காதீர்கள், லைட் அடிக்காதீர்கள். ஏற்கெனவே பொலித்தீனைத் தின்று அவை படுகிற பாடு போதும். வரவில்லை என்றால் ஒரு சைக்கிளை மதிலில் சாய்த்து வையுங்கள். போட்டோவையும் முதல் ஷொட்டையும் இணைக்க ஒரு அடையாளம் வேண்டும், அது சைக்கிளாகவும் இருக்கலாம். மார்கழியை ஒட்டிய மாரி மாதங்களில் எடுப்பதாக இருந்தால் ஒரு மாலையை மழைக்காகக் கூடுதலாக ஒதுக்குங்கள். வைகாசியிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மழைப் பயம் குறைவு, ஆனால் மைக்கில் காற்றுத்தான் பேசும்.

போனைப் பற்றிக் கொஞ்சம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பெரும்பாலான போன்கள் வினாடிக்கு 30 ஃப்ரேம் என்று வைக்கப்பட்டு வருகின்றன. அப்படியே கடை ரியூப்லைட்டில் எடுத்தால் படம் முழுக்க மெல்லிய கோடுகள் ஏறி இறங்கலாம், எடிட்டிங்கில் அதை எடுப்பது கஷ்டம். 25 ஃப்ரேம், ஷட்டர் வேகம் 1/50 வினாடி என்று வையுங்கள். ஐபோனில் 25 ஃப்ரேமுக்கான 'PAL' வடிவங்களைக் காட்டும் தெரிவு கமரா அமைப்புக்குள் இருக்கிறது. ஷட்டரைக் கையால் மாற்ற பிளக்மேஜிக் கமரா செயலி இலவசம். வெளிச்சம், ஃபோகஸ், நிறம் மூன்றையும் பூட்டிவிட்டு எடுங்கள். பூட்டாவிட்டால் அவள் அசையும் போதெல்லாம் படம் தானாக வெளிறும், இருளும். இரண்டு போனும் வேறு வேறு கம்பனி என்றால் நிறம் ஒத்துப்போகாது. ஒன்றைப் படத்துக்கும் மற்றதை ஒலிக்கும் என்று பிரித்துவிடுங்கள். ஃப்ளைட் மோட் போட மறக்காதீர்கள். கடற்கரைக்குக் கிட்ட லென்ஸில் உப்பு மங்கல் படியும், மெல்லிய பருத்தித் துணி ஒன்று பொக்கெட்டில் இருக்கட்டும்.

லைட் வாங்கத் தேவையில்லை. போட்டோக்கொப்பி மெஷினே உங்கள் லைட். மூடியைத் திறந்து வைத்துக் கொப்பி அழுத்தினால் ஒரு வெளிச்சப் பட்டை கீழிருந்து முகத்தில் ஊர்ந்து போகும். ஆள் வந்து கொப்பி எடுக்கும்போது அந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் ஒரு தடவை ஓடட்டும். கதைப்படி அந்த நேரம் மட்டும் மூடி முழுதாக மூடாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நேரே குனிந்து அதைப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், கண் கூசும். மற்ற ரியூப்லைட்டுகளில் பாதியை அணையுங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரிப் பளிச்சென்று இருந்தால் கடை பயமுறுத்தாது.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். இருவருக்கும் இடையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கமராவை எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலாகி, பார்க்கிறவருக்குக் குழம்பும். மூடியைத் தூக்கும் அசைவை இரண்டு கோணத்தில் முழுமையாக எடுங்கள், முகத்தோடு ஒரு தடவை, கைக்குக் கிட்டே ஒரு தடவை. கை பாதி தூக்கிய கணத்தில் வெட்டினால் வெட்டே தெரியாது. நடிக்கிற பிள்ளையிடம் 'பயப்படு' என்று மட்டும் சொல்லாதீர்கள், கண்ணை உருட்டத் தொடங்கிவிடும். வேலை கொடுங்கள். 'காசை உண்மையாகவே எண்ணு, எத்தனை என்று பிறகு கேட்பேன். போட்டோவைத் திருப்பியதும் மூன்று எண்ணும்வரை எதுவும் செய்யாதே.' எண்ணிக்கை நடுவில் நின்றுபோவதுதான் பயம். இன்னொரு வழியும் உண்டு. போட்டோவைப் படப்பிடிப்பு வரை அவளுக்குக் காட்டாமல் வைத்து, முதல் தடவை பார்ப்பதையே எடுத்துவிடுங்கள்.

இனி ஒலி. மாணவர் படங்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன. என் முதல் குறும்படத்தை ஒரு தேத்தண்ணிக் கடையில் எடுத்தோம். படம் வடிவாக வந்தது, வீட்டுக்கு வந்து ஹெட்போன் போட்டால் எல்லா வசனத்துக்கும் கீழே ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபோது ஒருவருக்கும் கேட்கவில்லை. காது பழகிவிடுகிறது, மைக் பழகுவதில்லை. அடுத்த படத்தில் கவனமாக ஃப்ரிட்ஜை நிறுத்தினோம், திரும்பப் போட மறந்து வந்துவிட்டோம், கடைக்காரரின் யோகட் எல்லாம் பழுதாகிவிட்டது, காசு கொடுத்தோம். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜை நிறுத்தினால் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுவேன். அதைத் திறக்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

உங்கள் கடையில் முதலில் எல்லாவற்றையும் நிறுத்தி, எல்லோரும் அசையாமல் நின்று, அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் ஷொட்டுகளுக்கு அடியில் இதை விரித்தால் வெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு சத்தத்தையும் தனியாக, போனைக் கிட்டக் கொண்டுபோய் எடுங்கள்: மெஷின் சூடாவது, ரோலர் உருள்வது, தாள் வெளியே விழுவது, சில்லறை கண்ணாடியில் வைபடுவது, ஃபான் மெதுவாக நிற்பது, சுவிட்ச். ஒவ்வொன்றிலும் நாலைந்து தடவை. பயமுறுத்தும் இசை வேண்டும் என்று இணையத்தில் தேடப் போகாதீர்கள், காப்புரிமைச் சிக்கலும் வரும், எல்லோர் படத்திலும் அதே இசைதான் இருக்கும். மெஷின் இரைச்சலை எடுத்து, சுருதியைத் தக்கவைக்கும் தெரிவை நிறுத்திவிட்டு வேகத்தைப் பாதியாக்குங்கள். ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இன்னொரு தடவை பாதியாக்குங்கள். வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி ஓர் உறுமல் வரும். அதை மூடியைக் காட்டும் ஷொட்டிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றி, போட்டோ திரும்புகிற கணத்தில் சட்டென்று நிறுத்துங்கள். சத்தத்தைக் கூட்டுவதைவிட அங்கே நிறுத்துவதுதான் வெட்டும்.

எடிட்டிங்கில் சொல்ல அதிகம் இல்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும், கணினி இல்லாவிட்டால் போனிலேயே செய்யலாம். ஷொட்டுகளுக்கு இடையில் போடுகிற பளிச், சுழற்சி, கரைதல் போன்ற எஃபெக்டுகள் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அடுத்த ஷொட்டின் ஒலி அரை வினாடி முன்பே வரட்டும். முதல் ஷொட்டில் நாம் வெளியே நிற்கும்போதே மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கினால் உள்ளே போகிற வெட்டு தானாக நடக்கும். தமிழ் எழுத்துக்கு ஓர் எச்சரிக்கை: சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்து வரும். அப்படி வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் பெயர்களை வேறு செயலியில் அடித்து, பின்னணி இல்லாத படமாகச் சேமித்து, அதைக் கொண்டுவந்து வையுங்கள். பெயர்களை உரியவரிடமே காட்டி எழுத்துப் பிழை பார்த்துவிடுங்கள்.

குறிப்புப் புத்தகத்தில் உங்கள் பழைய கோட்டைக் கதையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏன் கைவிட்டீர்கள், எந்த ஷொட் ஏன் மாறியது, எது பிழையாகப் போனது என்று திகதியோடு அன்றன்றே எழுத வேண்டும். கடைசி இரவில் ஒரே பேனையால் எழுதியது எந்த ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

முதல் வெட்டு முடிந்ததும் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவுக்கோ மாமாவுக்கோ காட்டுங்கள். விளங்கியதா, பிடித்ததா என்று கேட்கக் கூடாது, பிடித்தது என்றுதான் சொல்வார்கள். 'இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். 'வெளியே இன்னும் நிற்கிறானோ' என்று தொடங்கினால் படம் வேலை செய்துவிட்டது. 'அந்தப் போட்டோ எங்கிருந்து வந்தது' என்று குழம்பினால், மூடியில் கமரா நிற்கிற நேரத்தை இன்னும் ஒரு வினாடி கூட்டி, திரும்பக் காட்டுங்கள்.

படத்தைக் கொடுத்து முடித்த பிறகு, ஸ்டூடியோவில் கழுவிய அந்தப் போட்டோக்கள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையையும் எண்ணி, நடித்த பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மெஷினில் எடுத்த கொப்பிகளையும் சேர்த்து.